கரிசற் காடும் பொதியிற் காடும்

ஓட்டப்பிடாரத்துப் பக்கம் விடியற்காலையில் தோளில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாய்ச் செல்லும் ஒருவரை நிறுத்தி, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "காட்டுக்குப் போகிறேன்" என்பார். வெளியூரார் திகைத்துப் போவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் கரிய மண். பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும். வரப்போரத்தில் ஒரு வேம்பு, இரண்டு பனை. இதில் காடு எங்கே இருக்கிறது? எங்கள் கரிசல் நாட்டில் உழுது விதைக்கும் மானாவாரி நிலத்துக்கே காடு என்று பெயர். நானும் அந்தக் காட்டில் களை எடுத்து வளர்ந்தவன்தான்.

இந்தச் சொல்லை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு காலத்தில் முள்ளும் புதருமாய் இருந்த நிலத்தை வெட்டித் திருத்தி வயலாக்கினோம். காடு போயிற்று, பெயர் மட்டும் நின்றது. அது நம் முன்னோர் விட்டுச் சென்ற சாசனம் போன்றது. கல்லில் வெட்டிய சாசனத்தைப் படிக்கத் தொல்பொருள் அறிஞர் வேண்டும். சொல்லில் வெட்டிய சாசனத்தைப் படிக்கச் சிறிது பொறுமை இருந்தால் போதும்.

இக்காலத்தில் விடுமுறை வந்தால் இளைஞர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் நடக்கப் புறப்படுகின்றனர். மிகவும் நல்லது. ஆயினும் காட்டில் நடப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. கரிசல் மக்கள் காட்டை நோக்கி நடந்த வரலாறு ஒன்று உண்டு. அடைக்கலம் தேடி நடந்தார்கள், வழிபாட்டுக்கு நடந்தார்கள், அறிவைத் தேடியும் நடந்தார்கள். இன்பத்திற்காக மட்டும் நடப்பது இவற்றுள் கடைசியாக வந்தது. அந்த வரலாற்றை அறிந்து நடப்பவனுக்கும் அறியாது நடப்பவனுக்கும் வேறுபாடு உண்டு என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எங்கள் நிலத்தின் இயல்பைக் கூறிவிடுகிறேன். கோடையில் கரிசல் மண் வெடிக்கும். வெடிப்பில் கை நுழையும். மழையில் அதே மண் களியாகிக் காலைப் பிடித்து இழுக்கும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மழையைப் பொழிந்துவிட்டு, எங்களுக்கு வெறுங்காற்றையும் புழுதியையும் அனுப்பும். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேற்கே, மாஞ்சோலை மலைப் பக்கத்தில், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இரண்டு நாள் நடையில் கடக்கக்கூடிய தொலைவுக்குள் இத்தகைய ஏற்றத்தாழ்வு! இங்கே முட்காடு, அங்கே மழைக்காடு.

முட்காட்டை இகழாதீர்கள். ஒரு காலத்தில் அது இந்நாட்டுக்குக் கோட்டையாய் நின்றது. ஓட்டப்பிடாரத்துக்கு அண்மையில் உள்ள பாஞ்சாலங்குறிச்சியை அறியாதார் இலர். அங்கே கருங்கல் மதில் இருந்ததில்லை. 1801-ஆம் ஆண்டு முற்றுகையில் பங்குகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அக்கோட்டையை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். மதில் முழுவதும் மண்ணால் ஆனது, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது. மண்ணும் முள்ளுமே காவல்! இன்று கோட்டை மதிலென நீங்கள் அங்கே காண்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் மண் அந்த நிலத்தோடு கலந்துவிட்டது.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையுடன் வந்தபோது, கட்டபொம்மன் கோட்டையை விட்டு வடக்கே சென்று புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருக்களம்பூர்க் காட்டில் மறைந்திருந்தார். அங்கே பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பி வந்தார். இடிக்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழுந்தது. அது மே மாதத்தில் வீழ்ந்தபோது ஊமைத்துரை மருதிருவர் துணை நாடிச் சென்று சேர்ந்தார். அவர்களுக்கு அரணாக அமைந்தது காளையார்கோயிற் காடு.

அந்தக் காட்டை வெல்லக் கும்பினிப் படை என்ன செய்தது தெரியுமா? சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி ஒரு பாதை அமைக்க முயன்றது. துப்பாக்கி பிடித்த படைக்குக் கோடரி முதன்மையான ஆயுதமாயிற்று. நாள்தோறும் வெட்டினார்கள், வெட்டுவோர் மேல் புதரிலிருந்து தாக்குதல் வந்துகொண்டே இருந்தது. ஒரு மாத அளவு முயன்றபின் அவ்வேலையைக் கைவிட்டு, வேறு வழிகளில் சூழ்ந்து, 1801 அக்டோபர் முதல் நாள் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். அந்தக் காட்டில் பாதை தெரிந்து நடக்கத் தெரிந்தவன் வீரனாய் இருந்தான். காடு அவனுக்குப் பொழுதுபோக்கும் இடமன்று. உயிர் காக்கும் இடம்.

போர் ஓய்ந்தது. காட்டுக்கு நடப்பது ஓயவில்லை. அதை ஓயாமல் வைத்திருந்தது வழிபாடு.

பொதிகை மலையடியில், முண்டந்துறைக் காட்டினுள், தாமிரவருணிக் கரையில் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டங்களின் வறண்ட சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாய் மக்கள் அங்கே செல்வார்கள். காட்டுக்குள் குடில் கட்டிப் பல நாள் தங்குவார்கள். பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது என் ஆச்சியுடன் நானும் சென்றேன். மரம் என்றால் வேம்பும் உடையும் என்று எண்ணியிருந்த எனக்கு, கதிரவன் தரையைத் தொடாத நிழல் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். அவ்வளவு தெளிந்த நீர். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "ஆச்சி, இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ப் பக்கந்தானப்பா போகும்" என்றாள்.

திரும்பும் வழியில் பாவநாசத்தில் குளித்தோம். உடுத்திய பழைய துணியை ஆற்றில் விட்டால் பாவமும் பீடையும் அதனோடு போகும் என்பது அங்கு வழக்கம். ஆச்சி சொல்ல, என் பழைய சட்டையை நானும் ஆற்றில் விட்டேன். அது சுழன்று சுழன்று சென்றதைப் பார்த்துக் கைதட்டியதும் நினைவிருக்கிறது.

பின்னாளில் நான் கோவில்பட்டியில் குடியிருந்தபோது ஓர் உண்மையை அறிந்தேன். அந்நகரின் குழாயில் வருவது சீவலப்பேரியில் எடுக்கப்படும் தாமிரவருணித் தண்ணீர். தூத்துக்குடியின் கதையும் அதுவே. குடிநீருக்குத் தவித்த அத்துறைமுக நகருக்கு, குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், வல்லநாட்டிலிருந்து அதே ஆற்று நீர் கொண்டுவரப்பட்டது. ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. தண்ணீர் நம்ம ஊர்ப் பக்கந்தான் வருகிறது. அப்படியானால் நான் சட்டையை எறிந்தது எங்கே? என் வீட்டுக் குடத்தில் எறிந்தேன்! இன்றும் பாவநாசத்தில் தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்கித் துணிக் குவியல்களை வண்டி வண்டியாக வெளியே எடுக்கிறார்கள். அக்குவியலைப் பார்க்கும்போதெல்லாம் என் சட்டை எங்கே என்று கண் தேடுகிறது.

இனி, அறிவு தேடி நடந்தவர்களைப் பார்ப்போம். பொதியமலையின் அகத்தியர் கொடுமுடி 1,868 மீட்டர் உயரம் உடையது. திருவனந்தபுரம் வானியல் நிலையத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன், 1855-ஆம் ஆண்டில் அம்மலைமீது ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் நிலவுலகின் காந்த விசையையும் மலையுச்சியில் அளந்து, கீழே உள்ள அளவோடு ஒப்பிடுவது அவர் நோக்கம். பாதையில்லாத காட்டில் நுட்பமான கருவிகளை மனிதர் தோளிலேயே மேலே ஏற்றினர். அகத்தியர் தமிழ் வளர்த்ததாகக் கதை கூறும் மலையில் அறிவியலும் ஒரு குடில் போட்டிருந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்றோ!

எட்டயபுரத்துக் கரிசலிற் பிறந்த பாரதியாரும் மலையடிவாரத்தை நாடியவரே. 1918-இன் இறுதியில் சிறையிலிருந்து விடுபட்டதும், மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்தார். 1920 வரையில், மலைத்தொடர் கண்முன் நிற்கும் அவ்வூரிலே வாழ்ந்தார். ஓட்டப்பிடாரம் பெற்ற வ. உ. சிதம்பரனாரோ தம் சுயசரிதையைச் செய்யுளில் எழுதியபோது, இளமையில் பயின்ற நீச்சலையும் குதிரையேற்றத்தையும் சிலம்பத்தையும் மறவாமல் குறித்தார். செக்கிழுத்த அந்த உடல் வெட்டவெளியில் உரம் பெற்ற உடல் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிதம்பரனார் பிறந்தது 1872 செப்டம்பரில். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க நாட்டில் யெல்லோஸ்டோன் என்னும் பெருநிலம், மக்கள் கண்டு களிப்பதற்கென்று தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. காட்டைக் காத்து வைத்து அதில் மக்களை உலவ விடலாம் என்னும் எண்ணம் சட்டமாக வடிவு பெற்று வந்த காலம் அது.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது, மலைகள் மொட்டையாயின. அச்சம் கொண்ட அரசு ஜெர்மானிய வன அறிஞரான டீட்ரிச் பிராண்டிஸ் என்பாரின் அறிவுரையைச் சென்னை மாகாணத்துக்கும் நாடியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. மரம் பிழைத்தது என்பது உண்மை. ஆனால், ஆடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவனும் தன் பாட்டன் நடந்த காட்டிலேயே குற்றவாளி ஆனான் என்பதும் உண்மை. வரலாறு படிப்போர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தல் கூடாது.

இதே பிராண்டிஸ் முதுமையில் ஜெர்மனியில் வாழ்ந்தபோது, அவரிடம் அறிவுரை கேட்க ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். கிஃபர்டு பின்சோ என்பது அவர் பெயர். 1905-இல் அமெரிக்க வனப்பணித் துறையின் முதல் தலைவரானவர் அவரே. ஆகவே இன்று உலகோர் நடந்து மகிழும் அமெரிக்கத் தேசிய வனங்களுக்குப் பின்னால், இந்தியக் காடுகளில் பெற்ற பட்டறிவின் ஒரு கீற்று உண்டு. 1960-இல் அந்நாடு இயற்றிய சட்டம் ஒன்று, தேசிய வனங்களின் பயன்களை வரிசைப்படுத்தியது. வெட்டவெளிப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும் என்பது அவ்வரிசை. ஒரே காடு பல பணி செய்யும். ஒரு பணி மற்றொன்றை விழுங்கலாகாது என்பதே அதன் கருத்து.

நம் பொதியிற் காட்டிலும் இதே வளர்ச்சி தாமதமாக வந்தது. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைந்து, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

இக்காட்டின் வளத்தை அறிய நூல் பல புரட்ட வேண்டியதில்லை. கீழிருந்து மேலே நடந்தால் போதும். அடிவாரத்தில் நம் ஊர் உடையும் இலந்தையும் போன்ற முட்செடிகள். சற்று ஏறினால் கோடையில் இலையுதிர்க்கும் காடு. இன்னும் ஏறினால் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மழைக்காடு. அங்கே கொடியும் பாசியும் மரத்தைப் போர்த்திருக்கும். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு உச்சிக் கிளையில் தாவும். அதற்கும் மேலே புல்வெளியும் பாறையும். வரையாடு நிற்கும் இடம். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும் அன்றோ? இங்கே பாலையிலிருந்து புறப்பட்டுக் குறிஞ்சிக்கு ஏறிவிடலாம். காட்டின் தரையில் மெத்தையாய்க் கிடக்கும் சருகு மழைநீரைப் பிடித்து வைக்கும். வேர்கள் அதனை மண்ணுள் இறக்கும். மழை நின்று பல வாரம் கழிந்தும் அந்நீர் ஊற்றாய்க் கசியும். தாமிரவருணி கோடையிலும் ஓடுவதன் மறைபொருள் இதுவே.

அழகுள்ள இடத்தில் அபாயமும் உண்டு. சேரன்மாதேவியில் குருகுலம் கண்டவரும் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியுமான வ.வே.சு. ஐயர், 1925 ஜூன் மாதத்தில் மாணவர்களுடன் பாவநாச மலைக்குச் சென்றார். கலியாண தீர்த்தத்தருகே அவர் மகள் சுபத்திரை கால் தவறி நீரில் வீழ்ந்தாள். மகளைக் காக்கக் குதித்த தந்தையும் மீளவில்லை. அயல்நாடுகளில் எத்தனையோ அபாயங்களைக் கடந்து வந்த பெருவீரர், ஒரு நொடிப்பொழுதில் அருவிக்கு இரையானார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல்வெளி வெடிமருந்துக்கு ஒப்பானது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

அத்துயருக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 வழித்தடங்களைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடும் முன்பதிவோடும் செல்லும் முறையைத் தொடங்கியது. அகத்தியர் கொடுமுடிக்குக் கேரளப் பக்கத்திலிருந்து செல்லும் வழியில், நீதிமன்ற ஆணையின் பயனாக, 2019 முதல் பெண்களும் ஏறுகின்றனர். வழி திறந்திருக்கிறது. அனுமதிச் சீட்டைச் சிலர் தொல்லை என்று கருதுவர். ஐயர் வீழ்ந்த பாறையையும் குரங்கணியின் சாம்பலையும் எண்ணுவோர் அவ்வாறு கருதமாட்டார்.

இதுவரை பொதிகையின் புகழ் பாடினேன். இனி எங்கள் ஏழை முட்காட்டுக்காகச் சில சொற்கள். கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் அண்மையில் குருமலை என்னும் குன்றும் காப்புக்காடும் உள்ளன. அங்கே புள்ளிமான் திரிகிறது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் வல்லநாட்டுக் குன்று இருக்கிறது. அங்கே வெளிமான்களுக்கென்று 1987-இல் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அமைந்தது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுவே. சங்கப் பாடல்களில் முல்லை நிலத்தில் துள்ளும் முறுக்குக் கொம்புடைய இரலை இம்மானே என்பர். குடை விரித்தாற்போல் தலை பரந்த உடைமரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. இவற்றையெல்லாம் நாம் என்னவென்று எழுதி வைத்தோம்? தரிசு, புறம்போக்கு என்று ஏட்டில் எழுதினோம். பயனற்றது என்று பெயரிட்டபின் ஒன்றை அழிப்பது எளிது.

அவ்விடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயல்நாட்டிலிருந்து விறகுக்கென வந்த மரம் அது. வறண்ட ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, அதனை மறுக்கவில்லை. ஆனால் அது வேரூன்றிய இடத்தில் உடையும் விடத்தலையும் ஆவாரையும் தலையெடுப்பதில்லை. மான் மேயும் புல்லும் இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சை; நெருங்கிப் பார்த்தால் ஒரே மரம். பச்சையெல்லாம் காடு ஆகாது.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் முதல் நடை பொதிகைக்கு வேண்டாம். ஊருக்கு அருகில் இருக்கும் முட்காட்டிலிருந்து தொடங்குங்கள். கார்த்திகை மழை நின்றபின், வனத்துறையின் அனுமதியோடு, மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, விடியலில் புறப்படுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரைக் கண்டால் வணங்கி, "தாத்தா, இந்தச் செடிக்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். பத்துச் செடியின் பெயரைக் கற்றபின் பொதிகைக்குச் செல்லுங்கள். அங்கே ஆற்றில் எதனையும் விடாதீர்கள். காட்டிலிருந்து எதனையும் எடுக்காதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு மார்கழிக் காலையில் வல்லநாட்டுக் குன்றின் அடியில் நின்றேன். புதர்களுக்கிடையே ஓர் ஆண் வெளிமான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. இரண்டு தாவலில் மறைந்தது. குன்றுக்கு அப்பால் தாமிரவருணி ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சியுடன் நான் கூழாங்கல் எண்ணிய நீர் அந்த வழியாகத்தான் தூத்துக்குடிக் குழாய்களுக்குப் போகிறது. வீடு திரும்பும்போது எதிரே வந்த உழவர், "எங்கே போய்விட்டு வாரீக?" என்று வினவினார். "காட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன். அவர் நான் களையெடுத்து வருவதாக எண்ணிக்கொண்டு, "மழை பரவாயில்லை, பயிர் தேறிவிடும்" என்றார். நானும் ஆம் என்றேன். இரண்டு காட்டுக்கும் அந்த மறுமொழி பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது.